குலுக்கலையும் வெயிலையும் தாங்கும் பயணக் குளிர்பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வண்டியில் எடுத்துச் செல்லும் குளிர்பெட்டி ஒன்றை வாங்க நினைப்பவர்கள், அது எத்தனை லிட்டர் கொள்ளும், எவ்வளவு கீழ் வெப்பநிலைக்குப் போகும் என்ற இரண்டு கேள்விகளோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால், பல ஆண்டுகளாக வண்டியிலேயே சமைத்து, வண்டிக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கிப் பயணம் செய்து வரும் நான் வேறு இரண்டு கேள்விகளை அவற்றுக்கு முன்னால் வைப்பேன். கரடுமுரடான பாதையில் நாள் முழுவதும் குலுங்கிய பிறகும் பெட்டியின் மூடி அதே இடத்தில் இறுக்கமாக அமருமா? வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காற்றில் அது தன் வேலையைச் செய்யுமா? வீட்டுச் சமையலறையில் அசையாமல் நிற்கும் ஃப்ரிட்ஜுக்கு இந்தச் சோதனைகள் ஒருநாளும் வருவதில்லை. கடையின் குளிரூட்டப்பட்ட அறையில் எல்லாப் பெட்டிகளும் நன்றாகத்தான் குளிர்விக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு பாதையில்தான் தெரியவருகிறது.

குளிர்விக்கும் முறையை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் இருப்பது பெல்டியர் முறை. 1834-இல் கண்டறியப்பட்ட விளைவு அது. இரு வேறு பொருள்களின் இணைப்பில் மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகிறது. ஒரு சிறு விசிறியைத் தவிர அசையும் பாகம் எதுவும் இல்லை என்பது அதன் நன்மை. ஆனால் அது வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 20 டிகிரி மட்டுமே குறைவாகக் குளிர்விக்கும் என்பதால், வண்டிக்குள் 45 டிகிரி என்றால் பெட்டிக்குள் 25 டிகிரிதான் கிடைக்கும். அந்த வெப்பத்தில் பாலும் இறைச்சியும் கெட்டுப்போகும். இரண்டாவது, எரிவாயுச் சுடராலும் இயங்கக்கூடிய உறிஞ்சல் முறை. 1922-இல் சுவீடனில் மாணவர்களாக இருந்த பிளாட்டனும் முன்டர்ஸும் உருவாக்கிய இந்த அமைப்பில், அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றும் எந்தப் பம்ப்பும் இல்லாமல் தாமாகவே சுற்றி வருகின்றன. சத்தமே இல்லாதது, ஒரே இடத்தில் பல நாள் தங்குபவர்களுக்கு இன்றும் ஏற்றது. ஆனால் பெட்டி கிட்டத்தட்ட மட்டமாக நின்றால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஓடும் வண்டிக்குள் சுடர் எரிய விடுவதோ நினைத்துப் பார்க்கக்கூடாத ஆபத்து. எனவே இடம் விட்டு இடம் போய்க்கொண்டே இருப்பவர்களுக்கு மிஞ்சுவது, வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பது போலக் குளிர்வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் முறைதான். வெளியே நல்ல வெயில் அடிக்கும்போதும் உள்ளே மைனஸ் 18 டிகிரி வரை கொண்டுபோகக்கூடியது அது ஒன்றே.

கம்ப்ரஸர்களிலும் இரண்டு வழிகள் உண்டு. ஜப்பானின் சவாஃபுஜி நிறுவனம் உருவாக்கி, எங்கெல் என்ற பெயரில் விற்கப்படும் பெட்டிகளில் உள்ள ஊசல் மோட்டார் முறையில், மின்காந்தம் பிஸ்டனை நேரடியாக முன்னும் பின்னும் ஆட்டுகிறது. சுழலும் தண்டு, இணைப்புக் கம்பி என்று எதுவும் கிடையாது. பாகங்கள் குறைவு, தேய்மானம் குறைவு என்பதால் நீண்ட காலம் உழைக்கும் பெயர் அதற்கு உண்டு. மற்றொன்று, முன்பு டான்ஃபாஸ் என்ற பெயரிலும் இப்போது செகாப் என்ற பெயரிலும் வரும் பிடி-35, பிடி-50 போன்ற, வேகம் மாற்றிக்கொள்ளும் சுழல் மோட்டார் வகை. நிமிடத்துக்கு 2000 முதல் 3500 சுற்றுகள் வரை தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிவதால் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. இரண்டில் எதை எடுத்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். கம்ப்ரஸர் யாருடையது என்பதையே சொல்லாமல், வெறும் ‘உயர்தரக் கம்ப்ரஸர்’ என்று மட்டும் அச்சிட்டிருக்கும் பெட்டியிடம்தான் எச்சரிக்கை தேவை. குளிர்வாயு ஆர்-134ஏ-வா, ஆர்-600ஏ-வா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புவி வெப்பமாதலில் முன்னது கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் தீங்கானது. பின்னது அந்த வகையில் மிகவும் நல்லது, ஆனால் தீப்பிடிக்கக்கூடியது. பெட்டிக்குள் இருப்பது சில பத்து கிராம்தான் என்றாலும், குழாயைத் தெரியாதவர் கையில் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லக்கூடாது.

இனி உறுதியைப் பற்றி. இந்தப் பெட்டிகள் பழுதாகும்போது கம்ப்ரஸர் செத்துப்போனது என்று கேள்விப்படுவது அரிது. உடைவது கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, மின்கம்பி நுழையும் துளை, கன்ட்ரோல் போர்டு ஆகியவைதான். சலவைப்பலகை போல அலையலையாகக் கிடக்கும் மண்பாதையில் மணிக்கணக்காக ஓட்டும்போது, ஒவ்வொரு அலையும் ஒரு சிறு அடியாகப் பெட்டியின் மேல் விழுகிறது. பெரிய பள்ளத்தில் ஒருமுறை விழும் பெரிய அடியைப் பெட்டி தாங்கிவிடும்; ஓயாமல் விழும் இந்தச் சிறு அடிகள்தான் திருகாணியைத் தளர்த்தி, செப்புக் குழாயை வளைவில் விரிசல் விடச் செய்து, குளிர்வாயுவை மெல்லக் கசியவிடுகின்றன. ஆகவே கடையில் பெட்டியைப் பார்க்கும்போது கம்ப்ரஸர் பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் தடித்த ரப்பர் கால்களில் உட்கார்ந்திருக்கிறதா, குழாய்கள் ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட்டிருக்கின்றனவா, அல்லது கவ்விகளால் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கின்றனவா, போர்டின் இணைப்பிகள் பூட்டும் வகையைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தால், வண்ண அட்டைகள் சொல்லாத பலவும் அங்கே தெரியும். கழற்றிக் காட்ட மறுக்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

மூடியைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தை மூடியின் ரப்பர் பட்டைக்கும் பெட்டியின் விளிம்புக்கும் இடையே வைத்து மூடித் தாழிட்டு, காகிதத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியும் அளவு இழுவிசை இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறும், ஈரக்காற்று உள்ளே நுழையும், சுவரில் உறைபனி படியும். நான்கு பக்கத்திலும், முக்கியமாக மூலைகளிலும், கீலுக்குப் பக்கத்திலும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் மலிவான பெட்டிகளில் கீல் பக்கத்துப் பட்டைதான் முதலில் தோற்கிறது. ரப்பர் பட்டையைக் கையால் உருவி எடுத்துப் புதியது பொருத்த முடிகிறதா, பசையிட்டு ஒட்டியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். தாழ்ப்பாள் எவர்சில்வர் என்றால் காந்தத்தை மட்டும் நம்பாமல், அதைத் தாங்கும் திருகாணிகளும் அதே உலோகமா என்று பாருங்கள். கடற்கரைக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது அந்தத் திருகாணிகளே. கைப்பிடியைப் பிடித்து, நிறைசுமையோடு பெட்டியைத் தூக்கிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் உடலா, எஃகு உடலா என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. நல்ல பிளாஸ்டிக் அடியை உள்வாங்கி மீள்கிறது, எஃகு நெளிந்து அப்படியே நிற்கிறது. சுவருக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரை எவ்வளவு தடிமன் என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

நுரையின் தடிமன் முக்கியமாவது வெயிலில். பெட்டியின் ஒட்டுச்சீட்டில் எஸ்என், என், எஸ்டி, டி என்று ஒரு தட்பவெப்பக் குறியீடு இருக்கும். எஸ்என் என்றால் 10 முதல் 32 டிகிரி வரை, என் என்றால் 16 முதல் 32, எஸ்டி 16 முதல் 38, டி 16 முதல் 43 டிகிரி வரையிலான சூழலுக்கு வடிவமைக்கப்பட்டது என்று பொருள். கோடையில் நிறுத்திய வண்டிக்குள் இவற்றில் மிக உயர்ந்ததுகூடப் போதாமல் போகும் என்பதால், டி குறியீடுள்ள பெட்டியை மட்டுமே நான் பரிந்துரைப்பேன். விளம்பரத்தில் காட்டப்படும் மின்செலவு எந்தச் சூழலில் அளந்தது என்பதையும் தேடிப் படியுங்கள். 25 டிகிரி அறையில், மூடியைத் திறக்காமல் அளந்த எண் உண்மையானதுதான். ஆனால் நாம் அந்த அறைக்குள் பயணம் செய்யப்போவதில்லை. கம்ப்ரஸர் விசிறி காற்றை எந்தப் பக்கத்தில் இழுத்து எந்தப் பக்கத்தில் தள்ளுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கங்களில் ஒரு சாண் இடைவெளி விட்டுச் சாமான்களை அடுக்க வேண்டும். போர்வையும் பைகளும் துவாரத்தை அடைத்துவிட்டால், எவ்வளவு உயர்ந்த பெட்டியும் தன் சூடான காற்றையே மீண்டும் மீண்டும் இழுத்து ஓயாமல் ஓடும்.

மின்சாரத்துக்கு வருவோம். என் கணிப்பில், பெட்டி சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் கணிசமானவற்றின் குறை பெட்டியில் இல்லை, அதற்குப் போகும் கம்பியில் இருக்கிறது. 40 லிட்டர் அளவுள்ள கம்ப்ரஸர் பெட்டி ஓடும்போது சுமார் 45 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது விட்டுவிட்டு ஓடுகிறது. மிதமான நாளில் பத்தில் நான்கு பங்கு நேரம் ஓடினால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 430 வாட் மணி, அதாவது 12 வோல்ட் பேட்டரியில் 36 ஆம்பியர் மணி செலவாகும். கடும் வெயிலில் பத்தில் ஏழு பங்கு நேரம் ஓடினால் அது 63 ஆம்பியர் மணியாக ஏறிவிடும். பாதிக்குக் கீழே இறக்கக்கூடாத ஈய அமில பேட்டரி 100 ஆம்பியர் மணி கொண்டதாக இருந்தாலும், நமக்குக் கிடைப்பது 50 மட்டுமே. கடும் வெயில் நாளொன்றுக்குக்கூட அது போதாது. அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 வரை எடுக்கலாம், எடையும் பாதிக்கும் குறைவு. 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாட் மணி வரை தரும் என்பதால், மிதமான நாளின் தேவையை அது கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். வண்டியை நிழலிலும் தகட்டை வெயிலிலும் வைக்க நீளமான கம்பி வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

கம்பியின் தடிமனை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்புறப் பேட்டரியிலிருந்து பின்புறப் பெட்டிக்கு 5 மீட்டர் என்றால், போய் வரும் மொத்த நீளம் 10 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் இதன் மின்தடை சுமார் 0.117 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 0.58 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் கூடுதல் மின்னோட்டத்தில் இன்னும் அதிகமாகத் தொலையும். பேட்டரியில் 12.2 வோல்ட் இருக்கும்போதே பெட்டி 11.6 வோல்ட்தான் பார்க்கிறது, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் வோல்டேஜ் ஏறியதும் மீண்டும் தொடங்குகிறது, மீண்டும் நிற்கிறது. இரவெல்லாம் இப்படி நடந்தால் காலையில் உள்ளே எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.15 வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பேட்டரிக்கு மிக அருகில் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். கம்பி எங்காவது உரசித் தோலுரிந்து வண்டியின் உலோகத்தில் பட்டால் தீயைத் தடுப்பது அதுதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நிரந்தர இணைப்பாக நம்பவே கூடாது. ஒரு வில்லின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் அந்தப் பிளக், குலுக்கலில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெளியே நழுவுகிறது. தொடுகை குறையக் குறைய அதன் முனை சூடேறி, பிளாஸ்டிக் உருகும். இரண்டு தட்டைத் தொடுமுனைகள் ஒன்றோடொன்று அழுந்திப் பொருந்தும் ஆண்டர்சன் வகைப் பிளக்கோ, திருகிப் பூட்டும் வகையோதான் சரி.

குறைந்த வோல்டேஜில் தானாக நிற்கும் பாதுகாப்பு பெரும்பாலான பெட்டிகளில் மூன்று நிலைகளில் வருகிறது. வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலேயே இணைத்திருந்தால் மிக உயர்ந்த நிலையையும், தனியான இரண்டாம் பேட்டரி என்றால் தாழ்ந்த நிலையையும் வைக்கலாம். சில கம்ப்ரஸர்களின் தொடக்க அமைப்பு 10.4 வோல்ட் வரை பேட்டரியை உறிஞ்ச விடும் என்பதால், வாங்கியதும் இதைப் பார்த்து மாற்றிக்கொள்வது அவசியம். அந்த அளவுக்கு இறங்கிய பேட்டரியால் எஞ்சினைக் கிளப்ப முடியாது. புதிய வண்டிகள் பலவற்றில், ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜை அவ்வப்போது தாழ்த்திவிடுகிறது. அத்தகைய வண்டியில் இரண்டாம் பேட்டரி முழுதாக ஏற வேண்டுமானால் தாழ்ந்த வோல்டேஜை உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று இடையில் வேண்டும்.

உள்ளே வைக்கும் பொருள்களின் வெப்பத்தையும் பேட்டரிதான் சுமக்கிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 30 டிகிரியில் உள்ள 10 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 290 வாட் மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். உறையவைப்பது இதைவிடப் பெரிய சுமை. 0 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரைப் பனிக்கட்டியாக்க வெளியேற்ற வேண்டிய வெப்பம், அதே நீரை 80 டிகிரி குளிர்விப்பதற்குச் சமம். சிறிய கம்ப்ரஸர் உறைநிலையில் 60 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று கொண்டால், 10 லிட்டரை உறையவைக்க 15 மணி நேரத்துக்கும் மேல் இடைவிடாமல் ஓட வேண்டியிருக்கும். ஆகவே புறப்படுவதற்கு முதல் நாளே வீட்டு மின்சாரத்தில் பெட்டியைக் குளிர வைத்து, பொருள்களையும் வீட்டு ஃப்ரீசரிலேயே உறையவைத்து எடுத்துச் செல்வதுதான் முறை. வழியில் உறையவைப்பதற்காகப் பெரிய பெட்டியும் பெரிய பேட்டரியும் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

அளவைப் பொறுத்தவரை, இருவருக்குச் சில நாள்களுக்கு 35 முதல் 45 லிட்டர் தாராளம்; நால்வர் என்றால் 60 லிட்டர் அளவில் பார்க்கலாம். அதிகம் பயன்படுத்தும் உயரமான பாட்டில் ஒன்றைக் கடைக்குக் கையோடு எடுத்துச் சென்று, நிமிர்த்தி வைத்து மூடி மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கம்ப்ரஸருக்கு இடம் விட உள்ளே ஒரு பக்கம் மேடாக இருக்கும் என்பதால், லிட்டர் கணக்கில் போதுமானது போலத் தெரியும் பெட்டியில் பாட்டில் நிற்காது. குளிர்ச்சியும் உறைநிலையும் ஒரே நேரத்தில் வேண்டுபவர்களுக்கு இரட்டை அறைப் பெட்டி ஏற்றது. ஒவ்வோர் அறைக்கும் தனி வெப்பநிலை வைக்க முடிகிறதா, அல்லது ஓர் அறையின் குளிரை மற்றொன்று கடன் வாங்குகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்சுலின் போன்ற, 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்துகளை எடுத்துச் செல்பவர்கள் அதைச் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது. குளிர்க்குழாய் ஓடுவது சுவரில்தான். நடுவில் 4 டிகிரி காட்டும்போதே சுவரோரத்தில் மருந்து உறைந்து வீணாகிவிடும். திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு சிறு தெர்மாமீட்டரை மருந்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். செல்பேசியில் வெப்பநிலை காட்டும் வசதி நல்லதுதான், ஆனால் பெட்டியிலுள்ள பட்டன்களாலேயே எல்லாவற்றையும் மாற்ற முடிய வேண்டும்.

பெட்டியைக் கட்டும் இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. வெற்றுப் பெட்டி 20 கிலோ, நிறைந்தால் 45 கிலோ. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிட்டால், அந்தப் பெட்டி தன் எடையைப் போல 20 மடங்கு விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். கிட்டத்தட்ட 900 கிலோ. இருக்கையின் சட்டத்தில் கயிற்றைச் சுற்றுவதெல்லாம் இதற்கு ஈடுகொடுக்காது. வண்டித் தளத்தில் போல்ட் போட்ட வளையங்களில் நான்கு மூலைகளிலும் பட்டைகளால் இழுத்துக் கட்ட வேண்டும். பெட்டியின் கைப்பிடி கட்டுவதற்கும் உரியதா, தூக்குவதற்கு மட்டும்தானா என்பதைக் கையேட்டில் பாருங்கள். கட்டும் துளைகள் உடலோடு சேர்த்து வார்க்கப்பட்ட பெட்டிகளுக்கே நான் முன்னுரிமை தருவேன்.

உத்தரவாதக் காலத்தைப் படிக்கும்போது கம்ப்ரஸருக்கு ஒன்றும் மற்ற பாகங்களுக்கு ஒன்றுமாக இரண்டு காலங்கள் இருப்பது வழக்கம். நீண்ட எண் கம்ப்ரஸருக்குரியதாக இருக்கும். அடிக்கடி உடைவதோ மற்றவை. எனவே ரப்பர் பட்டை, தாழ்ப்பாள், கீல், கன்ட்ரோல் போர்டு, மின்கம்பி ஆகியவை தனித்தனியாகக் கிடைக்கின்றனவா என்று வாங்கும்முன் கேளுங்கள். ரப்பர் பட்டையையும் மின்கம்பியையும் பெட்டியோடு சேர்த்தே ஒரு செட் வாங்கி வைத்துவிடுவது என் வழக்கம். சில ஆண்டுகளில் மாடல் மாறியதும் அவை கடைகளிலிருந்து மறைந்துவிடுகின்றன. பெட்டி வீட்டுக்கு வந்ததும், வழியில் சாய்ந்திருக்கக்கூடும் என்பதால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்து, கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்கிய பிறகே இயக்குங்கள். பிறகு தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, வண்டியில் கட்ட வேண்டியபடியே கட்டி, வண்டியின் பேட்டரியிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் வெயில் படும் இடத்தில் ஓடவிடுங்கள். மறுநாள் காலையில் பேட்டரி வோல்டேஜையும், பாட்டில் தண்ணீரின் வெப்பநிலையையும், மூடியோரத்தில் ஈரம் கோத்திருக்கிறதா என்பதையும் குறித்துக்கொண்டு, அருகில் கிடைக்கும் மோசமான பாதையில் ஓட்டி வந்து காகிதச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். இதில் தேறாத பெட்டியை, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடையிலேயே ஒப்படைத்துவிடலாம்.